ஏழு பாட்டும் ஒரு கொப்பியும்: என் ஆட்டோவில் இரண்டு மாதம் ஓடிய பென் டிரைவ்

கிளிநொச்சி பஸ் நிலையத்தில் கிற்றார் பெட்டியோடு ஏறிய ஒரு தம்பியை உருத்திரபுரம் பக்கம் கொண்டுபோய் இறக்கினேன். ஹயர் 700 ரூபா. இறங்கும்போது, "அண்ணை, உங்கட செட் நல்லாக் கேக்குது. என்ர பாட்டு ஏழு இருக்கு, போட்டுப் பாருங்கோ" என்று ஒரு பென் டிரைவை நீட்டினார். விலை 1,500. எனக்கு வரவேண்டியதைக் கழித்து மிச்சம் 800 ரூபாவை நான்தான் கொடுத்தேன். ஏற்றிப்போன ஆளுக்கே காசு கொடுத்து அனுப்பியது அன்றைக்கு மட்டும்தான்.

பென் டிரைவோடு ஒரு கொப்பியும் தருகிறார். போட்டோக்கொப்பி எடுத்து நடுவில் கம்பி அடித்த 16 பக்கம். ஒவ்வொரு பாட்டும் எப்படி வந்தது என்ற கதை அதில் இருக்கிறது. எழுதியது, மெட்டுப் போட்டது, பாடியது எல்லாம் அவரே. பகலில் வீடுகளுக்கு வயரிங் வேலை, இரவில் சுவரெல்லாம் முட்டைத் தட்டு ஒட்டிய அறைக்குள் பதிவு.

நான் கொப்பியை சீற்றுக்கு அடியில் போட்டுவிட்டுப் பாட்டை மட்டும் ஓடவிட்டேன். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்கள், பின்னேரம் ரயிலால் இறங்குகிறவர்கள். அவர்களுக்கும் கதை தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு கிழமை கழித்துத்தான் கொப்பியைத் திறந்தேன். அப்படிச் செய்தது நல்லதாய்ப் போயிற்று.

முதல் பாட்டு சைக்கிள் பாட்டு. ஒரு சைக்கிளின் மணி, பெல் மூடி, பின் கரியர், பச்சை வயரால் கட்டின மட்கார்ட் என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டு போகிறார். அவ்வளவுதான் பாட்டு. யார் ஓட்டினது, எங்கே போனது, ஒன்றும் இல்லை. பரந்தனுக்குப் போன ஒரு ஐயா தன் ஒழுங்கை வந்த பிறகும் இறங்கவில்லை. "முடியட்டும் தம்பி" என்றார். பாட்டு முடிந்ததும் காசைத் தந்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். கொப்பியில் இருக்கிற கதை இது: 2009 மே மாதம், சண்டையின் கடைசி நாட்களில், வட்டுவாகல் பாலத்தால் வரும்போது அப்பாவின் லுமாலா சைக்கிளை விட்டுவிட்டு வந்தார்கள். மீள்குடியேறின பிறகு அம்மா முள்ளிவாய்க்கால் பக்கம் துருப்பிடித்துக் குவிந்து கிடந்த சைக்கிள்களுக்குள் போய்த் தேடி, அந்தப் பச்சை வயரை வைத்து அடையாளம் கண்டாராம். கொண்டுவர விடவில்லை. வயரை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தார். என்னுடைய சைக்கிளும் அப்படி ஒரு குவியலில்தான் கிடந்திருக்கும். நான் தேடிப் போகவில்லை.

அந்த ஐயாவுக்குக் கதை வேண்டியிருக்கவில்லை. வன்னியில் சைக்கிளை விட்டுவிட்டு வந்தவருக்கு மட்கார்டே போதும். கொப்பியைப் படித்த பிறகு எனக்குப் பாட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நல்ல பாட்டு என்று நான் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது பாட்டில் தலைகீழ். முறிகண்டிப் பிள்ளையாரைப் பற்றியது. ஏ9 வீதியில் போகிற வாகனம் எல்லாம் நிற்கிறது, தேங்காய் உடைகிறது, கச்சான் கடலை மணக்கிறது. எல்லாருக்கும் தெரிந்ததை எல்லாரும் சொல்கிற மாதிரியே சொல்கிறார். கீபோர்ட்டில் ஏற்கெனவே இருக்கிற தாளத்தை அமத்தி விட்டிருக்கிறார், கலியாண வீட்டு வீடியோவுக்குப் போடுகிற தாளம். பிள்ளைகளுக்குப் பிடித்தது, எனக்குச் சலித்துவிட்டது. பிறகு கொப்பியைப் பார்த்தால்! இவரின் அம்மம்மா முறிகண்டியில் கச்சான் விற்றவர். சுருள் சுற்றுவதற்குப் பேரனின் பழைய பள்ளிக்கூடக் கொப்பிகளைக் கிழித்திருக்கிறார். பதின்மூன்று வயதில் இவர் முதன்முதலாய்ப் பாட்டு எழுதிவைத்தது கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில். ஒருநாள் வந்து பார்த்தால் கொப்பி இல்லை. அவ்வளவும் சுருளாகி, கச்சானோடு, கொழும்பு பஸ்களில் ஏறிப் போய்விட்டது. அம்மம்மாவோடு கோபித்து இரண்டு நாள் சாப்பிடவில்லையாம்.

இதை ஏன் பாட்டில் வைக்கவில்லை? தெய்வத்தைப் பாடுகிற இடத்தில் தன் கதையைச் சொல்லக் கூச்சப்பட்டிருக்கலாம். ஆனால் காசு கொடுத்து வாங்கினவன் என்ற உரிமையில் சொல்கிறேன், பாட்டு கொப்பிக்குள்தான் இருக்கிறது, பென் டிரைவுக்குள் இருப்பது வேறு ஏதோ.

மூன்றாவது, கிழமைக்குக் கிழமை கட்டுகிற கடனைப் பற்றிய பாட்டு. இதை என் ஆட்டோவில் கேட்டுச் சிரிக்காத பெண்கள் இல்லை. ஹெல்மெற்றைக் கழற்றாமல் வாசலில் நிற்கிற, கடன் காசு வாங்க வருகிற தம்பி, குளியலறைக்குள் ஒளிக்கிற அம்மா, அடிக்கடி வருவதால் அவரை வீட்டு ஆள் என்று நினைத்து வாலாட்டுகிற நாய். அக்கராயனுக்கு ஏறின நாலு பேர் திருப்பிப் போடச் சொல்லிக் கேட்டார்கள். "எங்கட நாயும் உப்பிடித்தான்" என்றார் ஒரு அக்கா. கடைசிச் சரணத்தில் சிரிப்பு நின்றுவிடும். இந்தக் கடனைக் குழுவாய்ச் சேர்த்துத்தான் கொடுப்பார்கள், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும். அதனால் கடைசியில் வாசலில் வந்து இருப்பது பக்கத்து வீட்டு அக்கா. அவருக்கு நாய் குரைக்கிறது. முதன்முறை கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. இந்தப் பாட்டுக்குக் கொப்பியில் அரைப் பக்கம்தான், அதுவும் தேவையில்லை.

நாலாவது, 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது வந்த வெள்ளம். சாதாரணம். ஐந்தாவது, கனடாவில் இருக்கிற அக்காவின் பிள்ளைக்கு வட்ஸ்அப்பில் பாடின தாலாட்டு. கொப்பியில் மூன்று பக்கம் உருகி எழுதியிருக்கிறார், பாட்டில் சீனி கூடிவிட்டது. பதிவும் சரியில்லை. குரல் அடியில் கிடக்கிறது, ஆட்டோ இரண்டாம் கியரில் ஏறினால் ஒன்றும் கேட்காது. ஏழாவது காதல் பாட்டு, குறை சொல்ல ஒன்றுமில்லை, நினைவிலும் நிற்கவில்லை.

ஆறாவதுக்கு வருகிறேன். தொடங்கும்போது ஒரு இரைச்சல், மெல்லிய உறுமல் மாதிரி. ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்து வண்டியை ஓரம் கட்டி வயரை எல்லாம் இழுத்துப் பார்த்தேன். அது லமினேற் பண்ணுகிற மெசினின் சத்தம். அதைப் பதிந்து பாட்டின் அடியில் கடைசிவரை ஓடவிட்டிருக்கிறார். ஒரு அம்மா ஒரு படத்தை லமினேற் பண்ணக் கொண்டுவருகிறார். ஏற்கெனவே பண்ணின படம், வெயிலில் வெளிறிவிட்டது. இந்த முறை கொஞ்சம் பெரிதாய் எடுக்கலாமா என்று கேட்கிறார். பெரிதாக்கினால் முகம் கலங்கும் என்கிறான் கடைப் பொடியன். கலங்கட்டும், தூரத்தில் நிற்கிறவர்களுக்கும் தெரியவேண்டும் என்கிறார் அம்மா. மெசின் சூடாகும்வரை இருவரும் நிற்கிறார்கள். முடிந்தது.

காணாமல் ஆக்கப்பட்டவர்கள் என்ற சொல் பாட்டில் ஒரு இடத்திலும் வரவில்லை. கொப்பியில் நாலே வரி: படிக்கிற காலத்தில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலைக்கு நின்றதாகவும், அந்தப் பொடியன் தான்தான் என்றும், அன்றைக்குக் காசு வாங்கிவிட்டதாகவும். அந்தக் கடைசி விசயம்தான் அவரை எழுத வைத்தது போல.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடுகிற அம்மாக்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தப் போராட்டக் கொட்டிலுக்கு நானும் ஆட்களை ஏற்றி இறக்கியிருக்கிறேன், மடியில் படம் வைத்துக்கொண்டு வருவார்கள். ஆஸ்பத்திரியால் திரும்பின ஒரு அம்மா இந்தப் பாட்டைப் பாதிவரை கேட்டுவிட்டு, "உதை நிப்பாட்டு ராசா" என்றார். நிப்பாட்டினேன். மிச்ச வழி முழுக்க எஞ்சின் சத்தம்தான். அதற்குப் பிறகு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆறாவதைப் போடுவதில்லை. ஹயர் இல்லாமல் வெறும் வண்டியாய்த் திரும்பும்போது நான் மட்டும் கேட்கிறேன். ஏழிலும் இதுதான் பெரிய பாட்டு.

1,500 ரூபா பெறுமதியா? பெறும். மூன்று பாட்டுக்காகப் பெறும், கச்சான் கதைக்காக இன்னும் கொஞ்சம் கொடுக்கலாம். வாங்குகிறவர்கள் முதலில் பாட்டைக் கேளுங்கள், கொப்பியைப் பிறகு திறவுங்கள். தம்பி இதைப் பார்த்தால், ஐந்தாவதைத் திரும்பப் பதியும், இரண்டாவதைத் திரும்ப எழுதும்.

போன கிழமை மாங்குளத்துக்கு ஒரு ஹயர். திரும்பும் வழியில் முறிகண்டியில் நின்று கச்சான் வாங்கினேன். தின்று முடித்துச் சுருளை விரித்துப் பார்த்தேன். ஆறாம் ஆண்டுக் கணக்கு, சிவப்பு மையில் சரி போட்டிருந்தது. பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எறிந்தேன்.