புள்ளியை வெட்டுவதா, பதிவை நிறுத்துவதா? காற்பந்துச் செலவு விதிகள்: ஓர் ஒப்பீடு

2025-ல் பேராக் அணி பணமில்லாமல் மலேசிய சூப்பர் லீக்கை விட்டு விலகியதிலிருந்து, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைகளில் காற்பந்துப் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது. "இங்கிலாந்து மாதிரி கணக்குப் பார்த்துப் புள்ளியை வெட்டியிருந்தா இவனுங்க ஒழுங்கா இருந்திருப்பானுங்க." இதைச் சொல்வதில் முதல் ஆள் எங்கள் தோட்டத்து முன்னாள் கிராணி (எழுத்தர்) அண்ணன். அவர், அப்படிப் புள்ளி வெட்டு வாங்கிய இங்கிலாந்துக் கிளப்பான எவர்ட்டனின் ரசிகர். புள்ளி வெட்டின் வலி தெரிந்த மனிதரே அதற்கு வக்காலத்து வாங்குவதுதான் வேடிக்கை.

பேராக், 2002, 2003 இரண்டு ஆண்டும் லீக்கை வென்ற அணி, 2018-ல் மலேசியக் கிண்ணம் தூக்கிய அணி. இங்கிருந்து வேன் பிடித்து ஈப்போ அரங்கத்துக்குப் போய்க் கத்திவிட்டு வந்தவர்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் மருந்து விஷயத்தில் என் கட்சி வேறு. புள்ளி வெட்டுவது, அதாவது வரம்பு மீறிச் செலவழித்த கிளப்பின் லீக் புள்ளியைக் குறைப்பது, எல்லாம் முடிந்தபின் செய்யும் காரியம். ஸ்பெயின்காரன் செய்வதுபோல ஆட்டக்காரரைப் பதிவு செய்யும் மேசையிலேயே மறிப்பதுதான் நமக்குச் சரிப்படும்.

இங்கிலாந்து: செலவழி, பிறகு பார்க்கலாம்

இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கான பிரிமியர் லீக் பல ஆண்டுகளாக வைத்திருந்த விதி இது. மூன்று பருவங்கள் சேர்த்து ஒரு கிளப் 105 மில்லியன் பவுண்டு வரை நஷ்டம் காட்டலாம். அதிலும் 15 மில்லியனைத் தாண்டியதை முதலாளி தன் கைக்காசு போட்டு ஈடுகட்ட வேண்டும். இளையோர் பயிற்சி, பெண்கள் அணி, அரங்கக் கட்டுமானம் போன்ற செலவுகள் நஷ்டத்தில் சேராது. இரண்டாம் நிலை லீக்கில் ஆடிய பருவத்துக்கு 35 மில்லியனுக்குப் பதில் 13 மில்லியன்தான் அனுமதி. நாட்டிங்ஹம் ஃபாரஸ்டுக்கு 13, 13, 35 என்று கூட்டி 61 மில்லியன் வந்தது அப்படித்தான். அவர்கள் அதையும் 34.5 மில்லியன் தாண்டினார்கள். 2024 மார்ச்சில் 4 புள்ளி போனது.

இந்த ஃபாரஸ்ட் கதையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கணக்கு மூடும் நாள் ஜூன் 30. தங்கள் பயிற்சிப் பள்ளியிலேயே வளர்ந்த பிரெனன் ஜான்சனை அதற்குள் விற்றிருந்தால் பெரும்பாலும் தப்பித்திருப்பார்கள். விலை ஏறும் என்று காத்திருந்து, 2023 செப்டம்பர் 1-ஆம் தேதி டோட்டன்ஹமுக்கு 47.5 மில்லியனுக்கு விற்றார்கள். வியாபாரம் என்று பார்த்தால் கெட்டிக்காரத்தனம். ஆனால் இரண்டு மாதம் தள்ளிப் போனதால் அந்தப் பணம் அடுத்த ஆண்டுக் கணக்கில் போய் விழுந்தது. நல்ல விலைக்கு விற்றதற்காகவா தண்டனை என்று அவர்கள் வாதாடிப் பார்த்தார்கள். எடுபடவில்லை.

ஜான்சனைப் போன்றவர்களை விற்கச் சொல்வதே இந்த விதிதான். ஓர் ஆட்டக்காரரை 50 மில்லியன் கொடுத்து ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால், ஆண்டுக்கு 10 மில்லியன்தான் செலவாக எழுதுவார்கள். சொந்தப் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த பையனுக்கு வாங்கிய விலையே கிடையாது என்பதால், அவனை விற்றால் வருகிற தொகை முழுக்க அந்த ஆண்டின் லாபம். ஆக, கணக்கு இடிக்கிறது என்றால் முதலில் விலைபோகிறவன் உள்ளூர்ப் பையன். 2024 ஜூன் கடைசியில் ஆஸ்டன் வில்லா, செல்சி, எவர்ட்டன், நியூகாசல் எல்லாம் அவசர அவசரமாக இளைஞர்களைக் கைமாற்றிக்கொண்டதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். செல்சி இன்னும் ஒரு படி மேலே போனது. தன்னிடமிருந்த இரண்டு ஹோட்டல்களைத் தன் முதலாளிகளின் இன்னொரு நிறுவனத்துக்கே 76.5 மில்லியனுக்கு விற்று, அதை வருமானமாகக் காட்டியது. பிரிமியர் லீக் விதியில் அதற்கு அப்போது தடை இருக்கவில்லை.

எவர்ட்டன் விவகாரம்தான் என்னை இந்த முறைக்கு எதிராகத் திருப்பியது. 2021-22-ல் முடிந்த கணக்கில் அவர்கள் வரம்பைத் தாண்டியது 19.5 மில்லியன். 2023 நவம்பரில் 10 புள்ளி வெட்டினார்கள். மேல்முறையீட்டில் அது 6 ஆனது. அடுத்த ஆண்டுக் கணக்குக்காக இன்னொரு 2. மொத்தம் 8 புள்ளி போயும் அந்தப் பருவத்தை 40 புள்ளியோடு 15-வது இடத்தில் முடித்தார்கள். ஃபாரஸ்டும் 32 புள்ளியோடு தப்பியது. இரண்டாம் நிலை லீக்குக்கு இறங்கிய லூட்டனுக்கு 26. அதாவது, வெட்டு வாங்கிய இரண்டு கிளப்பும் லீக்கிலேயே இருந்தன.

இப்போது பழைய பட்டியலை எடுத்துப் பாருங்கள். தப்பு நடந்த 2021-22 பருவத்தில் எவர்ட்டன் 39 புள்ளி, பர்ன்லி 35 புள்ளி. பர்ன்லி கீழே இறங்கியது. அந்த 6 புள்ளியை அந்தப் பருவத்திலேயே வெட்டியிருந்தால் எவர்ட்டன் 33-க்கு வந்து தான் இறங்கியிருக்கும், பர்ன்லி பிழைத்திருக்கும். தீர்ப்பு வருவதற்குள் பர்ன்லி கீழே போய், அங்கே வென்று, திரும்பி மேலே வந்தும் விட்டது. கிராணி அண்ணனிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். "அதெல்லாம் பழசு தம்பி" என்று தேத்தாரே தேநீரை உறிஞ்சிக்கொண்டார்.

2026-27 பருவத்திலிருந்து பிரிமியர் லீக் வேறு அளவுகோலுக்கு மாறுகிறது. நஷ்டத்தைப் பார்க்காமல், வருமானத்தில் எத்தனை விழுக்காடு ஆட்டக்காரர்களுக்குப் போகிறது என்று பார்ப்பார்கள். 85 விழுக்காடு எல்லை. முன்பைவிட வேகமாகக் கணக்கு பார்க்க முடியும் என்கிறார்கள். பார்ப்போம்.

ஸ்பெயின்: முதலில் கணக்கு, அப்புறம் சட்டை

ஸ்பெயினின் முதல் நிலை லீக்கான லா லீகாவில் பருவம் தொடங்குமுன்பே ஒவ்வொரு கிளப்புக்கும் ஓர் உச்சவரம்பு குறிக்கப்படும். வரவேண்டிய வருமானத்திலிருந்து மற்றச் செலவுகளையும் கட்டவேண்டிய கடனையும் கழித்து, மிச்சத்தைத்தான் ஆட்டக்காரர்களுக்குச் செலவழிக்கலாம். வரம்புக்குள் அடங்காத ஆட்டக்காரரை லீக் பதிவு செய்யாது. அவர் புதுச் சட்டை போட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம், ஆட முடியாது.

தோட்டத்து மளிகைக்கடைகளில் 555 என்ற கடன் கணக்குப் புத்தகம் ஓடிய காலம் பலருக்கு நினைவிருக்கும். விவரமான கடைக்காரர் "போன மாசப் பாக்கி நிக்குதே" என்று கேட்டுவிட்டுத்தான் அரிசியை எடை போடுவார். இங்கிலாந்து கடைக்காரர் மூட்டை மூட்டையாகக் கொடுத்தனுப்பிவிட்டு, தின்று தீர்ந்தபின் பஞ்சாயத்துக்கு இழுப்பவர்.

இந்த விதி பல்லில்லாத விதி இல்லை என்பதற்கு மெஸ்ஸியே சாட்சி. 2021 ஆகஸ்டில் பார்சிலோனா அவரை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டது, அவரும் இருக்கத் தயார். வரம்பு இடம் கொடுக்கவில்லை, பாரிஸுக்குப் போனார். அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் ரியல் மாட்ரிட்டின் வரம்பு 739 மில்லியன் யூரோ, பார்சிலோனாவுக்கோ சுமார் 98 மில்லியன்தான். உலகின் மிகப் பெரிய பெயரைக்கூட மேசையில் நிறுத்த ஒரு லீக்கால் முடிந்தது. இங்கிலாந்தில் இப்படி ஒன்று நடந்ததாகச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

ஓட்டை இல்லையா என்றால், இருக்கிறது. வரம்பை உயர்த்த 2022-ல் பார்சிலோனா தன் உள்நாட்டு லீக் ஒளிபரப்பு வருமானத்தில் கால் பங்கை 25 ஆண்டுகளுக்கு விற்றது. பேரன் காலத்துப் பணத்தை இன்றைக்கே எடுத்துச் செலவழித்த கதை. 2024 ஆகஸ்டில் வாங்கிய டானி ஒல்மோவின் பதிவு அந்த டிசம்பரோடு முடிந்தபோது, 2025 ஜனவரியில் அரசின் விளையாட்டு மன்றம் தற்காலிக அனுமதி கொடுத்து அவரை ஆட வைத்தது. லீக்குக்கு அது முகத்தில் அடித்த மாதிரி. மேலிடம் தலையிட்டால் கதவு திறக்கும் என்பதை நாம் ஸ்பெயினில் போய்க் கற்க வேண்டியதில்லை.

இன்னொரு குறையும் உண்டு, அது பெரியது. வருமானம் பார்த்து வரம்பு என்றால், பணக்காரன் பணக்காரனாகவே இருப்பான். அதை மறைக்க முடியாது.

ஐரோப்பியக் காற்பந்துச் சம்மேளனத்தின் முறையை நீட்டி அலச வேண்டியதில்லை. வருமானத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் அணிச் செலவு போகக்கூடாது என்கிறார்கள். மீறினால் பெரும்பாலும் அபராதம்தான். 2025 ஜூலையில் செல்சிக்கு 31 மில்லியன் யூரோ, பார்சிலோனாவுக்கு 15 மில்லியன். ஓர் ஆட்டக்காரரை வாங்கவே அதைவிட அதிகம் கொடுப்பவர்களுக்கு அது இன்னொரு பில். ஒன்றை மட்டும் பாராட்டலாம்: செல்சியின் ஹோட்டல் வித்தையை அவர்கள் வருமானமாக ஏற்கவில்லை.

இனி நம் வீட்டுக் கதை

கடையில் பேசுகிறவர்கள் மறந்துவிடுகிற ஒரு விஷயம், புள்ளி வெட்டு மலேசியாவிலும் இருக்கிறது என்பதுதான். 2024-25 சூப்பர் லீக்கில் சம்பளப் பாக்கிக்காகக் கெடாவுக்கு 3 புள்ளியும் கோலாலம்பூர் சிட்டிக்கு 6 புள்ளியும் வெட்டினார்கள். என்ன திருந்தியது? அடுத்த பருவத்துக்குக் கெடாவுக்கு உரிமமே கிடைக்கவில்லை. பேராக் போனது, ஸ்ரீ பஹாங் போனது. அதற்கு முன் 2023-க்கு மலாக்கா யுனைடெட்டும் சரவாக் யுனைடெட்டும் உரிமம் கிடைக்காமல் வெளியேறின.

இங்கிலாந்தில் வெட்டுவது கணக்கு நஷ்டத்துக்கு. அங்கே முதலாளி நஷ்டப்பட்டாலும் ஆட்டக்காரனுக்கு மாதச் சம்பளம் விழுந்துவிடும். நம்மிடம் வெட்டுவதே சம்பளம் போடாததற்கு. சம்பளம் கிடைக்காமல், பெட்ரோலுக்குக் கடன் வாங்கிப் பயிற்சிக்கு வருகிறவன் ஆடிச் சேர்த்த புள்ளியைத்தான் பிடுங்குகிறார்கள். காசு கொடுக்காத நிர்வாகிக்குப் புள்ளி எதற்கு? அவர் பெயர் பட்டியலிலா இருக்கிறது? இதே அநியாயம் இங்கிலாந்தின் கீழ் லீக்குகளிலும் நடக்கிறது. சம்பளம் தவறிய ஷெஃபீல்ட் வென்ஸ்டே 2025 அக்டோபரில் திவால் நிர்வாகத்துக்குப் போனதும் 12 புள்ளி, அப்புறம் இன்னும் 6. குழப்பத்தை உண்டாக்கிய முதலாளி போய்விட்டார். பட்டியலின் அடியில் கிடந்தது ஆட்டக்காரர்களும் ரசிகர்களும்.

ஆகவே நமக்கு மேசையில் மறிக்கும் முறைதான் பொருந்தும், அதுவும் இன்னும் கடுமையாக. ஸ்பெயினில் வரவிருக்கும் வருமானத்தை நம்பி வரம்பு போடலாம், ஒளிபரப்புப் பணம் உறுதியாக வரும். இங்கே மாநில அரசு மானியம் தருவதாகச் சொன்னது, ஆதரவாளர் கையெழுத்துப் போடப்போகிறார் என்பதெல்லாம் வருமானம் ஆகாது. பருவத்துக்கான சம்பளத்துக்கு வங்கி உத்தரவாதம் காட்டினால்தான் ஆட்டக்காரரைப் பதிவு செய்யலாம் என்று வைக்க வேண்டும். பத்துப் பேருக்குத்தான் காசு இருக்கிறதென்றால் பத்துப் பேரோடு நிற்கட்டும். மிச்சத்துக்கு மாநிலத்துப் பையன்களை அவர்களுக்குக் கொடுக்க முடிந்த சம்பளத்தில் எடுக்கட்டும்.

கிராணி அண்ணன் உடனே பிடித்துக்கொள்வார்: "அப்போ ஜொகூர்காரனை யாருமே தொட முடியாதே?" 2014-லிருந்து லீக்கை விடாமல் வென்றுவரும் ஜொகூர் டாருல் தாக்சிமை இப்போது மட்டும் யார் தொட்டார்கள்? அவர்களை எட்டிப் பிடிக்கிறேன் என்று தகுதிக்கு மீறி வெளிநாட்டு ஆட்டக்காரர்களை வாங்கியதுதான் பல மாநில அணிகளைக் கவிழ்த்தது என்பது என் எண்ணம்.

இந்த முறைக்கு எதிராக எனக்கே உறுத்துகிற உதாரணம் ஒன்று உண்டு. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணியாக வளர்ந்து, பின்னால் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறிய கிளப். 2022-ல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் சூப்பர் லீக்கில் ஆடினார்கள். தோட்டத்துப் பையன்களுக்கு எட்டக்கூடிய ஓர் ஏணி அது. அந்தப் பருவம் முடிந்ததும் அதுவும் விலகிக்கொண்டது. எந்த விதியும் டிக்கெட் விற்றுக் கொடுக்காது. ஆனாலும் அது பட்டியலில் புள்ளி வெட்டு வாங்கிக் கேவலப்பட்டுப் போகவில்லை, கதவைச் சாத்திவிட்டுப் போனது. பேராக் திரும்பி வருமானால், இருபது உள்ளூர்ப் பையன்களோடு, பன்னிரண்டு மாதச் சம்பளத்தை முன்கூட்டியே வங்கியில் காட்டிவிட்டு வரட்டும். பத்தாவது இடத்தில் முடித்தாலும் வேன் காசு போட நான் தயார். அண்ணன் எவர்ட்டன் ஆட்டம் இல்லாத நாளாகப் பார்த்து வருவார்.