பழைய ஃபோக்ஸ்வாகன் வேன் சூடேறுகிறதா? ஆயில் கூலரா, காற்றுப் பாதையா?

நீண்ட ஏற்றத்தில் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்றதும் பலரும் முதலில் வாங்குவது கூடுதல் ஆயில் கூலர். 1600 சிசி இன்ஜின் உள்ள டைப் 2 வேனைப் பொறுத்தவரை, அது இரண்டாவதாகச் செய்ய வேண்டிய வேலை என்பேன்.

இந்த இன்ஜினில் ரேடியேட்டர் கிடையாது. பெல்ட்டில் சுழலும் ஃபேன் மேலிருந்து தள்ளும் காற்று சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய உலோகச் செதில்களுக்கு இடையே புகுந்து, சூட்டை வாங்கிக்கொண்டு கீழே வெளியேறும். இன்ஜினைச் சுற்றியுள்ள தகடுகளும் ரப்பர் சீலும்தான் கீழே போன சூடான காற்று மறுபடி மேலே ஏறாமல் தடுக்கின்றன. அந்தச் சீல் காய்ந்து பிளந்துவிட்டால் ஃபேன் தன் சூட்டையே திரும்பக் குடிக்கிறது. சிலிண்டருக்கு அடியில் இருக்கும் சிறு தகடுகள் இன்னும் முக்கியம். காற்றை வளைத்துச் சிலிண்டரின் கீழ்ப்பக்கத்தையும் தொடவைப்பவை அவை. இன்ஜினைப் பிரித்துக் கட்டும்போது பலர் அவற்றைத் திரும்பப் போடுவதே இல்லை. தெர்மோஸ்டாட்டும் அது இயக்கும் மடல்களும் 'தேவையில்லை' என்று கழற்றி எறியப்படுகின்றன. அந்த மடல்கள் காற்றுக்குத் திசையும் காட்டுகின்றன என்பது மறந்துபோகிறது.

இதையெல்லாம் சரிசெய்ய நேரமும் பொறுமையும் வேண்டும், அதுதான் இதன் குறை. ஆனால் எண்ணெய், சிலிண்டர், அதை மூடியிருக்கும் ஹெட் மூன்றையும் இது ஒருசேரக் குளிர்விக்கிறது.

ஆயில் கூலரோ எண்ணெயை மட்டுமே குளிர்விக்கும். அளவுகோலில் எண்ணெய் 95 டிகிரி என்று நிம்மதியாகக் காட்டும், அதே நேரத்தில் ஹெட் வெந்துகொண்டிருக்கும். குறிப்பாக மூன்றாம் சிலிண்டர். பழைய அமைப்பில் இன்ஜினோடு வந்த ஆயில் கூலர் அந்தச் சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியிலேயே நின்றது. 1971 மாடலில் அதைப் பின்னுக்குத் தள்ளி, தனிக் காற்று வழி கொடுத்தார்கள். பழைய ஃபேன் கூடு இன்னும் உங்கள் வேனில் இருந்தால், வெளிக் கூலர் வாங்குவதற்குமுன் இந்தப் பிந்தைய கூட்டுக்கு மாறுவது நல்லது.

ஆழமான எண்ணெய்த் தொட்டி? சுமார் 2.5 லிட்டர் கொள்ளும் இன்ஜினுக்கு இன்னும் ஒன்றரை லிட்டர் சேர்க்கும். எண்ணெய் மெதுவாகச் சூடாகும், அவ்வளவுதான். வேன் தரையில் தட்டும் அபாயமும் சேர்ந்தே வரும்.

பெல்ட் தளர்ச்சி (விரலால் அழுத்தினால் சுமார் 15 மில்லிமீட்டர்), இக்னிஷன் டைமிங், 0.15 மில்லிமீட்டர் வால்வு இடைவெளி, பெட்ரோல் குறைந்த கலவை ஆகியவற்றைப் பார்க்கப் பெரிய செலவில்லை. அப்புறம் ஏற்றத்தில் கியரைக் குறைத்து ஓட்டுங்கள். இன்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் ஃபேனும் வேகமாகச் சுற்றும்.

இவ்வளவுக்குப் பிறகும் பாரம் ஏற்றிய வேனில் எண்ணெய் 120 டிகிரியைத் தொட்டால், சரி, ஆயில் கூலர் போடுங்கள். தெர்மோஸ்டாட் உள்ளதாக, தனி மின்விசிறியோடு, எக்ஸாஸ்டை விட்டு விலகி வேனின் அடியில் பொருத்துங்கள். ஃபேன் காற்றை உறிஞ்சும் வாய்க்கு முன்னால் மட்டும் வைக்க வேண்டாம். எண்ணெயிலிருந்து எடுத்த சூடு அத்தனையும் நேராக ஹெட்டுக்கே போய்ச் சேரும்.