கோயில் நோட்டு, மூலப்பத்திரம், கப்பல் பதிவேடு, எச்சில் குப்பி: கொடிவழி தேடுவோருக்கு எது உதவும்?

கடந்த மூன்று ஆண்டுகளாக இரண்டு குடும்பங்களின் கொடிவழியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒன்று, திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து என் தாத்தா காலத்தில் மதுரைக்குக் குடிவந்த எங்கள் குடும்பம். மற்றொன்று, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்து வளர்ந்த, தமிழில் நாலு சொல் சேர்த்துப் பேச வராவிட்டாலும் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கத் தவறாத ஓர் ஆசிரியையின் குடும்பம். ஊரை விட்டு அறுபது கல் தொலைவுக்குமேல் போகாத எங்கள் குடும்பத்தின் வேர் எளிதில் அகப்படும் என்றும், கடல் கடந்து ஐந்து தலைமுறை ஆகிவிட்ட அவருடையது அகப்படவே அகப்படாது என்றும்தான் தொடக்கத்தில் நினைத்திருந்தேன். நடந்தது நேர்மாறு. அவருடைய எள்ளுத்தாத்தாவின் தந்தை பெயர், ஜில்லா, வயது, இடது முழங்காலில் இருந்த தழும்பு வரை இரண்டே வாரத்தில் கிடைத்துவிட்டன. என்னுடைய எள்ளுத்தாத்தாவின் பெயரை உறுதி செய்ய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அவருக்குத் தழும்பு இருந்ததா என்று சொல்ல இனி எவரும் இல்லை.

இந்த இரு தேடல்களிலும் கையாண்ட நான்கு வழிகளையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். அதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். செத்துப்போனவர்களின் பெயர்ப் பட்டியல் வேண்டுமா, உயிரோடிருக்கும் உறவினர் வேண்டுமா என்பது இரண்டு வெவ்வேறு தேவைகள். ஒன்றுக்குச் சிறந்த வழி மற்றொன்றுக்குப் பெரும்பாலும் உதவுவதில்லை.

குலதெய்வக் கோயிலும் மொய் நோட்டும்

உயிரோடிருக்கும் பங்காளிகளைக் கண்டுபிடிக்கக் குலதெய்வக் கோயிலுக்கு நிகரான இடம் தமிழ்நாட்டில் வேறு இல்லை என்பது என் முடிவு. தென்மாவட்டங்களில் மாசி மாதச் சிவராத்திரியன்று, திருநெல்வேலிப் பக்கம் சாஸ்தா கோயில்களுக்குப் பங்குனி உத்திரத்தன்று, எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் வகையறாக்கள், அதாவது ஒரே மூதாதை வழி வந்த கிளைகள், ஒரே வேப்பமரத்தடியில் வந்து கூடுகின்றன. அங்கே வரி வசூலிக்கும் பெரியவரிடம் ஒரு நோட்டு இருக்கும். மணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு என்று கணக்கிட்டு, வகையறா வாரியாகப் பெயர் எழுதப்பட்டிருக்கும். நான் முதன்முறை போனபோது அவர் என் பெயரையோ வேலையையோ கேட்கவில்லை. "எந்த வகையறா, தம்பி?" என்பதுதான் முதல் கேள்வி. தாத்தாவின் பெயரைச் சொன்னதும், "அப்ப நீ எனக்குப் பேரன் முறை" என்று சொல்லிவிட்டு நோட்டைப் புரட்டினார்.

செட்டிநாட்டு நகரத்தார் இதை இன்னும் கட்டுக்கோப்பாக வைத்திருக்கிறார்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி முதலான ஒன்பது கோயில்களில் ஏதேனும் ஒன்றைச் சேர்ந்தவர்களாகவே ஒவ்வொரு குடும்பமும் இருக்கிறது. திருமணமான தம்பதியை ஒரு 'புள்ளி' என்று கோயில் கணக்கில் ஏற்றுகிறார்கள். அந்த அளவு ஒழுங்கு மற்றவர்களிடம் இல்லை. எங்கள் கோயில் நோட்டு 1962இல் தொடங்குகிறது, அதற்கு முந்தையது கரையானுக்குப் போய்விட்டது.

இந்த வழிக்கு ஒரு பெருங்குறை உண்டு. கோயில் நோட்டு தந்தைவழியை மட்டுமே அறியும். வாழ்க்கைப்பட்டுப் போன பெண் புகுந்த வீட்டுக் கோயிலுக்கு உரியவளாகிவிடுவதால், என் தாத்தாவின் இரண்டு தங்கைகளும் அந்த நோட்டில் பிறக்கவே இல்லை. அவர்களைத் தேடித் தந்தது மொய் நோட்டு. என் அப்பாவின் காதுகுத்துக்கு எழுதிய அந்த நீளவாக்கு நோட்டில், முதல் பக்கத்திலேயே "தாய்மாமன்" என்ற தலைப்பின்கீழ் ஒரு ஊர்ப்பெயரும், அதற்கு மூன்று பக்கம் தள்ளி "அருப்புக்கோட்டை சின்னத்தாய் புருசன், ரூ. 5, வேட்டி 1" என்ற வரியும் இருந்தன. பெண்ணின் பெயரால் கணவனை அடையாளம் சொல்லியிருந்த அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் தாத்தாவின் மூத்த தங்கை வழிப் பேரப்பிள்ளைகள் பதினோரு பேரை அருப்புக்கோட்டையில் கண்டோம். பழைய மொய் நோட்டை எடைக்குப் போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது வயிறு எரிகிறது.

பத்திரங்கள்

ஆண்டும் ஆதாரமும் வேண்டுமென்றால் பத்திரத்தை நாட வேண்டும். பழைய கிரயப் பத்திரங்களில் எழுதிக் கொடுப்பவரும் வாங்குபவரும் "இன்ன தாலூகா இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்" என்று சாதி, தொழிலோடு குறிக்கப்படுவதால், ஒரே பத்திரத்தில் இரண்டு தலைமுறை கிடைக்கிறது. பாகப்பிரிவினைப் பத்திரம் அகப்பட்டால் அது புதையல். பங்கு பெறும் அண்ணன் தம்பிகள், இறந்துபோன அண்ணனின் மைனர் பிள்ளைகள், அவர்களுக்குக் கார்டியனாக நிற்கும் தாய் என்று ஒரு குடும்பமே அணிவகுத்து நிற்கும். பதிவுத்துறையின் இணையதளத்தில் பெரும்பாலும் 1975க்குப் பிந்தைய வில்லங்க விவரங்கள்தாம் எளிதில் கிடைக்கின்றன. அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால் தேடச் செய்ய வேண்டும். நான் போன அலுவலகத்தில் மூன்று முறை அலைக்கழித்து, நான்காம் முறை வேறொரு கிராமத்தின் நகலைத் தந்தார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பத்திரத்தில் ஏமாற்றும் இடம் பெயர்தான். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயர் மூத்த பேரனுக்குப் போகும். ஆகவே ராமசாமி குமாரர் முத்துசாமி, முத்துசாமி குமாரர் ராமசாமி என்று இரண்டே பெயர்கள் நூறாண்டுக்கு மாறி மாறி வரும். 1908ஆம் ஆண்டுப் பத்திரத்தில் வரும் ராமசாமியும் 1931இல் வரும் ராமசாமியும் ஒருவரா, தாத்தா பேரனா என்பதைத் தீர்மானிக்கத்தான் எனக்கு ஓராண்டு பிடித்தது. கையெழுத்துக்கும் கைநாட்டுக்கும் உள்ள வேறுபாடு கடைசியில் காப்பாற்றியது: முன்னவர் கீறல் போட்டவர், பின்னவர் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்.

பெண்கள் இங்கும் குறைவு, ஆனால் முற்றிலும் இல்லாமல் போய்விடவில்லை. தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 1989ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்கள் பங்காளியாக இல்லாததால், அதற்கு முந்தைய பாகப்பிரிவினைகள் பலவற்றில் அவர்கள் பெயரே இராது. அதற்குப் பிந்தைய காலத்திலோ, சகோதரிகள் தம் பங்கை விட்டுக் கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரங்கள் பெருகின. சொத்தை இழப்பதற்காகக் கையெழுத்திட்ட தாளில்தான் பல பெண்களின் பெயர், கணவர் பெயர், முகவரி எல்லாம் முழுமையாக எஞ்சியிருக்கின்றன என்பதைப் பார்க்கும்போது மனம் கசக்கத்தான் செய்கிறது.

நிலமே இல்லாத குடும்பத்துக்கு இந்த வழி திறப்பதே இல்லை. பிறப்பு இறப்புப் பதிவேடுகள் சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இருந்தன என்றாலும், பல பதிவுகளில் "ஆண் குழந்தை" என்பதற்கு மேல் பெயர் இராது. கிறித்தவக் குடும்பங்களுக்கு மட்டும் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் இந்த இடைவெளியை ஓரளவு அடைக்கின்றன.

கப்பல் பதிவேடு

காணி நிலம் இல்லாததால் ஊரை விட்டுப் போனவர்களைப் பற்றித்தான் மிக விரிவான பதிவு இருக்கிறது. 1860 அக்டோபர் 12 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 342 பேருடன் நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அமைந்த நேட்டால் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டவர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இட்டு, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம், வேலைக்கு அனுப்பப்பட்ட தோட்டம் ஆகியவற்றை எழுதி வைத்தார்கள். ஆளை அடையாளம் காணவும், ஓடிப்போனால் பிடிக்கவுமே அடையாளங்களைக் குறித்தார்கள். அந்தக் கொடுமையின் துணைப்பயனை இன்று கொள்ளுப்பேரர்கள் அனுபவிக்கிறார்கள். கப்பல் பட்டியல்கள் கணினியில் ஏற்றப்பட்டுவிட்டன. மூல ஆவணங்கள் டர்பன் ஆவணக்காப்பகத்தில் உள்ளன.

தேடத் தொடங்குவதற்குச் சாவி அந்த எண்தான். ஆசிரியையின் பாட்டியுடைய பிறப்புச் சான்றிலேயே பெற்றோரின் எண்கள் குறிக்கப்பட்டிருந்ததால் அவருக்கு அது வாய்த்தது. எண் இல்லாமல் குடும்பப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் வழி தவறும். கவுண்டர் அங்கே 'கவெண்டர்' ஆகியிருக்கிறது, முதலி 'மூட்லி' ஆகியிருக்கிறது. சாதிப் பட்டம் இல்லாத இடத்தில் கப்பலேறி வந்த கொள்ளுத்தாத்தாவின் சொந்தப் பெயரே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. இங்கே நாம் தலைமுறைக்குத் தலைமுறை இனிஷியலை மாற்றிக்கொண்டிருக்க, அங்கே ஒரே பெயர் உறைந்து நிற்கிறது.

ஆனால் பதிவேடு கப்பலேறிய நாளோடு நின்றுவிடும். ஆசிரியையின் முன்னோருக்கு "வட ஆற்காடு" என்று எழுதியிருந்தது. அன்றைய வட ஆற்காட்டின் ஒரு பகுதி 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில், அதாவது இன்றைய ஆந்திராவில் இருக்கிறது. எஞ்சியது 1989இலும் 2019இலும் பிரிந்து திருவண்ணாமலை, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று நான்காகிவிட்டது. காதில் விழுந்ததை எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதிய கிராமப் பெயரோ, இரண்டு தாலுகாக்களில் இரண்டு ஊர்களுக்குப் பொருந்துகிறது. ஊர் தெரிந்தாலும், ஐந்து தலைமுறைக்கு முன் ஓடிப்போன ஒருவனை நினைவில் வைத்திருக்கும் வீடு அங்கே இருக்க வேண்டும். பட்டியல் தேடுவோருக்கு இந்த வழி முதல்தரம். உறவு தேடுவோருக்குப் பாதி வழிதான்.

ஆள்திரட்டும் மேஸ்திரியான கங்காணியின் கீழ் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போனவர்களின் வழித்தோன்றல்கள் நேட்டாலைப் போன்ற பதிவேட்டை எதிர்பார்த்துக்கொண்டு தேடத் தொடங்க வேண்டாம். அவர்களுக்குக் கங்காணியின் சொந்த ஊர் எது என்ற வாய்மொழிச் செய்தியே நல்ல துப்பு, ஏனென்றால் அவர் தம் ஊரையும் அக்கம்பக்கத்தையும் சேர்ந்தவர்களையே பெரும்பாலும் திரட்டிக்கொண்டு போனார்.

எச்சில் குப்பி

மரபணுச் சோதனையைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் பேர் கேட்கிறார்கள், அதைத்தான் நான் கடைசியில் வைக்கிறேன். குப்பியில் எச்சிலைத் துப்பி அனுப்பினால், அந்த நிறுவனத்தின் பட்டியலில் உங்களோடு மரபணுத் துண்டுகளைப் பகிர்ந்துகொள்பவர்கள் யார் என்று காட்டுவார்கள். ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள் சராசரியாக 12.5 விழுக்காடும், கொள்ளுத்தாத்தா ஒன்றாக இருப்பவர்கள் 3 விழுக்காட்டுக்குச் சற்று மேலும், எள்ளுத்தாத்தா ஒன்றாக இருப்பவர்கள் 0.8 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவாகவும் பகிர்வார்கள் என்பது கணக்கு.

மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டிக்கொள்ளும் நம்மிடம் இந்தக் கணக்கு பிசகிவிடுகிறது. ஒரே மூதாதையர் இரண்டு மூன்று வழியில் உறவாவதால் பகிர்வு கூடி, தூரத்து உறவு நெருங்கிய உறவாகத் தோன்றும். போதாததற்கு, தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளேயே மணம் முடிப்பதால் ஒரு சாதியினர் அனைவருமே ஓரளவு உறவினராகத் தெரிவார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், பரிசோதித்த 263 தெற்காசியக் குழுக்களில் 81 குழுக்கள், சிறு மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகிய தன்மையில் அதற்குப் பேர்போன பின்லாந்தியரையும் அஷ்கெனாசி யூதரையும் (ஐரோப்பிய வழி யூதர்) மிஞ்சியிருந்தன. எனக்கு "நெருங்கிய உறவு" என்று காட்டப்பட்ட டொரொண்டோக்காரர் ஒருவரோடு ஆறு மாதம் மின்னஞ்சலில் பேசியும் பொது மூதாதையர் ஒருவரைக்கூட எங்களால் காட்ட முடியவில்லை. நல்ல மனிதர், பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறார், அவ்வளவுதான்.

இன்னொன்று, அந்த முடிவு எல்லோரையும் 'கசின்' என்றே சொல்லும். பங்காளியா, மாமன் மச்சானா என்பது நம் வீட்டில் முதல் கேள்வி. பெண் கொடுக்கலாமா, தீட்டுக் காக்க வேண்டுமா என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. சோதனைக்கு அந்த வேறுபாடு தெரியாது. தரவுப் பாதுகாப்பையும் மறக்கக் கூடாது: 23அண்ட்மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனத்தில் 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன, 2025 மார்ச்சில் அது திவால் மனுவே தாக்கல் செய்தது. நீங்கள் துப்பும் எச்சில் உங்கள் அண்ணன் தம்பிகளையும் சேர்த்தே காட்டிக் கொடுக்கும். அவர்களை எவரும் கேட்பதில்லை.

அப்படியானால் அது வீண் என்று சொல்ல மாட்டேன். டர்பன் ஆசிரியையைப் போல ஊரின் பெயர் தெரிந்தும், இரண்டு ஊர்களில் எது என்று முடிவு செய்ய இயலாதவர்களுக்கு, இரண்டிலும் உள்ள ஓரிரு முதியவர்கள் மனமொப்பிச் சோதனை செய்துகொண்டால் அது தீர்ப்புச் சொல்லக்கூடும். ஆவணம் காட்டிய இடத்தைச் சரிபார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

எதில் தொடங்குவது?

தமிழ்நாட்டிலேயே இருப்பவர்கள் முதலில் வீட்டில் மூத்த பெண்களிடம் உட்கார்ந்து கேட்டு, மொய் நோட்டைத் தேடி எடுத்து, அடுத்த கும்பிடுக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போக வேண்டும். பத்திரம் அதற்குப் பிறகு. நேட்டால், மொரீஷியஸ், பிஜி போன்ற இடங்களில் இருப்பவர்கள் கப்பல் பதிவேட்டில் தொடங்கி, ஊரை அடையாளம் கண்டபின் கோயிலை நோக்கி வர வேண்டும். எந்த வழியில் வந்தாலும் கடைசியில் நிற்குமிடம் அந்த வேப்பமரத்தடிதான், ஏனென்றால் போனவர்களுக்கும் அங்கே இடம் வைத்திருக்கிறார்கள். எங்கள் கோயில் நோட்டில் தாத்தாவின் தலைக்கட்டுக்கு நேராக 1979க்குப் பின் வரி எதுவும் வரவாகவில்லை. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் புதுப் பக்கத்தில் அவர் பெயரை எழுதி, எதிரே ஒரு கோடு இழுத்து வைத்திருந்தார்கள். பாக்கி எவ்வளவு என்று கேட்டேன். பெரியவர் கூட்டிப் பார்க்கவில்லை. "இந்த வருசத்துக்கு மட்டும் குடு, தம்பி" என்று சொல்லிவிட்டு, தாத்தாவின் பெயரை அடித்து என் பெயரை எழுதினார்.