மைக்ரோஅரேயா, எக்ஸோமா: ஆட்டிசத்துக்கு எந்த மரபணுப் பரிசோதனை?

பையனுக்கு ஆட்டிசம் என்று உறுதியானதும், இரண்டாவது குழந்தையைப் பற்றி யோசிக்கும் முன் மரபணுப் பரிசோதனையை முடித்துவிடலாம் என்று நானும் மனைவியும் தீர்மானித்தோம். கடைசியில் எங்கள் முன் இருந்தவை இரண்டு: குரோமோசோம் மைக்ரோஅரே, எக்ஸோம் சீக்வென்சிங். நாங்கள் எடுத்தது எக்ஸோம், அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்று தெரிந்துகொண்டே படியுங்கள்.

இரண்டுக்கும் ரத்தம்தான் எடுப்பார்கள், ரிப்போர்ட்டுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், மைக்ரோஅரே விலை குறைவு.

மைக்ரோஅரே, குரோமோசோமில் பெரிய துண்டு ஏதாவது விடுபட்டிருக்கிறதா, இரட்டிப்பாகியிருக்கிறதா என்று பார்க்கும். 16பி11.2 என்ற இடத்தில் சுமார் 6 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் காணாமல் போவது ஆட்டிசத்தில் அடிக்கடி அடிபடும் ஒன்று, அதையெல்லாம் சுலபமாகப் பிடித்துவிடும். ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தால் பிடிக்காது. எக்ஸோம் அந்த வேலையைச் செய்கிறது: புரதம் உருவாக்கும் குறிப்புகள் உள்ள 1, 2 சதவீத டிஎன்ஏவை மட்டும் எழுத்தெழுத்தாக வாசிக்கும். ஃப்ரஜைல் எக்ஸ் (ஆட்டிசத்துக்குக் காரணமாகும் இன்னொரு மரபணுக் கோளாறு) இரண்டிலுமே சிக்காது, அதற்குத் தனி டெஸ்ட் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு ஆய்வின்படி, விடை கிடைக்கும் விகிதத்தை வைத்து எக்ஸோமுக்கு வாதாட முடியாது. கனடாவில் 258 குழந்தைகளை வைத்துச் செய்து 2015-ல் வெளியான ஆய்வில் மைக்ரோஅரே 9.3 சதவீதம் பேருக்குக் காரணம் சொன்னது. எக்ஸோம், அதைச் செய்த 95 பேரில் 8.4 சதவீதம் பேருக்கு. இரண்டையும் செய்த அந்த 95 பேரில் இரண்டின் விடையையும் சேர்த்தாலும் 15.8 சதவீதம்தான், மற்றவர்களுக்கு வெறுங்கை.

அப்புறம் ஏன் எக்ஸோம் என்றால், மறுவாசிப்பு. 2012-ல் சிஎச்டி8, எஸ்சிஎன்2ஏ மாதிரி விரல்விட்டு எண்ணும் மரபணுக்களைத்தான் எக்ஸோம் ஆய்வுகள் ஆட்டிசத்தோடு உறுதியாகச் சேர்த்திருந்தன. 2020-ல் 35,584 பேரின் தகவலை வைத்து அது 102 ஆனது, 2022-ல் 185. இவற்றில் பல, கர்ப்பத்தின் நடுமாதங்களில் சிசுவின் மூளைப் புறணி உருவாகும்போதே மும்முரமாக வேலை செய்பவை. பட்டியல் இப்படி வளர்ந்துகொண்டே போக, நம் குழந்தையின் எக்ஸோம் தகவல் அப்படியே கணினியில் கிடக்கிறது. புதிதாக ஊசி குத்தாமல் புதுப் பட்டியலோடு ஒப்பிட்டால் போதும். மைக்ரோஅரே முடிவையும் திரும்பப் பார்க்கலாம், ஆனால் அது அளக்காத எழுத்தைப் பத்து வருடம் கழித்து யாரும் அதிலிருந்து எடுக்க முடியாது.

அதனால் பணம் கட்டும் முன் லேபில் இதைக் கேளுங்கள்: மூலத் தரவை (ஃபாஸ்ட்க்யூ கோப்பு) கையில் தருவார்களா, மறுவாசிப்புக்குத் தனிக் கட்டணமா, எத்தனை வருடம் வைத்திருப்பார்கள்? விசிஎஃப் கோப்பை மட்டும் நீட்டினால் சரி என்று வாங்கிவராதீர்கள், அது ஏற்கெனவே வடிகட்டிய பட்டியல். எங்கள் ரிப்போர்ட்டில் 'முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்' என்று ஒன்று வந்திருக்கிறது, அதாவது அது காரணமா இல்லையா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது. ஓரிரு வருடம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்றார் மரபியல் மருத்துவர். அந்தக் கட்டத்துக்கு நாங்கள் இன்னும் வரவில்லை, அதனால் மறுவாசிப்பின் பலனை அனுபவத்தில் பார்த்தேன் என்று சொல்லமாட்டேன்.

எக்ஸோம் என்றால் ட்ரையோவாக, அதாவது அப்பா அம்மா ரத்தத்தையும் சேர்த்தே செய்யுங்கள். குழந்தையிடம் உள்ள மாற்றம் எங்களிடமிருந்து வந்ததா, புதிதாக முளைத்ததா என்பது அதில்தான் தெரியும். புதிது என்றால் அதே மாற்றம் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம்தான். 'மாசமாக இருக்கும்போது என்ன சாப்பிட்டாய்' என்று மனைவியைத் துளைத்த சொந்தங்களுக்கு ஒரு தகவல்: புது மாற்றங்களில் பெரும்பாலானவை அப்பா பக்கத்திலிருந்து வருகின்றன, அப்பாவின் வயது ஒன்று கூடினால் சுமார் 2 மாற்றங்கள் கூடும் என்று 2012-லேயே ஐஸ்லாந்து ஆய்வு சொல்லிவிட்டது.

கர்ப்பத்தில் 'ஆட்டிசம் வருமா' என்று கேட்டுச் செய்யும் டெஸ்ட் எதுவும் கிடையாது. மூத்த குழந்தையிடம் நோய்க்காரணம் என்று உறுதியான மாற்றம் இருந்தால், அந்த ஒன்றைப் பனிக்குட நீரில் தேடலாம், அவ்வளவுதான். உறுதியாகாத மாற்றத்தை வைத்து அதைச் செய்யச் சொல்லமாட்டார்கள்.

கையில் பணம் இறுக்கம் என்றால் மைக்ரோஅரேயும் ஃப்ரஜைல் எக்ஸும் செய்துவிட்டு, எக்ஸோமைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள், அதன் விலை வருடத்துக்கு வருடம் இறங்கிக்கொண்டுதான் வருகிறது.