விடுதியில் ரொக்கமாகப் பணம் கட்டுகிறவர்கள் கவனத்திற்கு: பரேலில் என் சித்தப்பாவுக்கு நேர்ந்தது

பரேல் டாடா நினைவு மருத்துவமனைக்குத் தமிழ்நாட்டிலிருந்து சிகிச்சைக்காக வருகிறவர்களும், அவர்களுக்கு அறை பிடித்துக் கொடுக்கும் என்னைப் போன்ற மும்பை உறவினர்களும் இதைப் படித்துவிட்டு ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். தாதருக்கும் பரேலுக்கும் இடையில் உள்ள ஒரு சிறிய தங்கும் விடுதியில் என் சித்தப்பா ரொக்கமாகக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை, வாங்கவே இல்லை என்று விடுதிக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். புகார் நிலுவையில் இருப்பதால் விடுதியின் பெயரைச் சொல்லவில்லை. பெயரைவிட அவர்கள் கையாண்ட முறைதான் எல்லோருக்கும் தெரிய வேண்டியது.

சித்தப்பாவும் சித்தியும் திருநெல்வேலியிலிருந்து சாளுக்யா எக்ஸ்பிரஸில் தாதர் வந்து இறங்கினார்கள். புற்றுநோயாளிகளின் குடும்பங்கள் வழக்கமாகத் தங்கும் காட்கே மகராஜ் தர்மசாலையில் அப்போது இடம் கிடைக்கவில்லை. ஆகவே கைப்பேசிச் செயலி ஒன்றின் மூலம், விடுதிக்குப் போனபின் பணம் கட்டினால் போதும் என்ற முறையில் அறையைப் பதிவு செய்தேன். நாள் வாடகை ரூ. 2,200, வரி தனி. அறை சுத்தமாகவே இருந்தது, மருத்துவமனைக்கு நடந்தே போகலாம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ரிசப்ஷனில் இருந்தவர் கார்டு மெஷின் பழுது என்றும், யுபிஐ சர்வர் வேலை செய்யவில்லை என்றும் சொல்லி ரொக்கம் கேட்டார். சிகிச்சைக்காக வருகிறவர்கள் கையில் பணத்தோடுதான் வருவார்கள் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் வாடகையும் ரூ. 5,000 டெபாசிட்டும் சேர்த்து வாங்கிக்கொண்டு, 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த அரைத்தாளில் ரூ. 7,464 என்று மொத்தத் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். அதில் விடுதியின் பெயர் இல்லை, வரிசை எண் இல்லை, எந்தத் தொகை எதற்கு என்ற விவரமும் இல்லை. மும்பைக் கடைகளில் கச்சா பில் என்பார்களே, அதுதான். அதன்பிறகு தினமும் காலையில் ஓர் இளைஞர் அறைக்கே வந்து வாடகையை வாங்கிப்போய் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டார். ரசீது கேட்டபோது, காலி செய்யும்போது மொத்தமாகப் பில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

காலி செய்யும் நாளில் ரிசப்ஷனில் வேறொரு மேலாளர் இருந்தார். கடைசி இரண்டு நாள் வாடகை நோட்டில் ஏறவில்லை, முதல் நாள் கொடுத்தது வெறும் அட்வான்ஸ், அது வாடகையில் கழிந்துவிட்டது, டெபாசிட் என்று எதுவும் வாங்கவில்லை என்றார். பணம் வாங்கிய இளைஞர் ஊருக்குப் போய்விட்டாராம். "எண்ணி வாங்கிட்டு, குடுக்கவே இல்லங்கான்யா" என்று சித்தப்பா போனில் சொன்னபோது நான் சயானில் அலுவலகத்தில் இருந்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால், அந்த இரண்டு நாளுக்கும் ரூ. 4,928-ஐ மறுபடியும் கட்டிவிட்டுத்தான் பெட்டிகளை வெளியே எடுக்க முடிந்தது.

செயலி நிறுவனத்திடம் புகார் செய்தபோதுதான் மற்றொன்று தெரிந்தது. சித்தப்பா அறைக்குள் நுழைந்த அன்று இரவே, 'விருந்தினர் வரவில்லை' என்று விடுதி எங்கள் பதிவை முடித்துவைத்திருந்தது. விருந்தினர் வராவிட்டால் செயலிக்குத் தரகு கொடுக்க வேண்டியதில்லை. யுபிஐ வேலை செய்யவில்லை என்ற பேச்சுக்கும் இதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் வங்கி வழியே பணம் வந்திருந்தால் விருந்தினர் வரவில்லை என்று எழுதுவது எளிதல்ல. தங்கவே இல்லாத ஒருவரின் புகாராக அது செயலியின் கணக்கில் ஆகிவிட்டதால், அவர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

எங்களுக்குக் கைகொடுத்தது அந்த அரைத்தாளின் படம். பணம் கட்டிய உடனே சித்தப்பா அதை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். ரூ. 7,464-இலிருந்து டெபாசிட் ரூ. 5,000-ஐக் கழித்தால் ரூ. 2,464 வருகிறது. அது ரூ. 2,200 வாடகையும் அதற்கு 12 சதவீத வரியும். வெறும் அட்வான்ஸ் வாங்குகிறவர் யாரும் இப்படி ஒரு தொகையைக் கேட்கமாட்டார். அதோடு இன்னொரு குட்டும் வெளிப்பட்டது. நாள் வாடகை ரூ. 7,500 வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பழைய விகிதத்திலேயே வாங்கி, நாளொன்றுக்கு ரூ. 154 கூடுதலாகக் கறந்திருக்கிறார்கள். வரி வாங்குகிற பில்லில் பதினைந்து எழுத்துகள் கொண்ட ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். மகாராஷ்டிராவில் அது 27 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது என்று வந்துவிடும். ஜிஎஸ்டியில் பதிவு செய்யாதவர்களோ, சிறு வணிகர்களுக்கான எளிய வரிமுறையான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களோ வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

இந்தக் கணக்கை எழுதி, தாளின் படத்தோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் வழியாகப் புகார் பதிவு செய்தோம். சில வாரங்களில் விடுதியிலிருந்து அழைத்துப் பேசி, டெபாசிட் ரூ. 5,000-ஐ மட்டும் திருப்பி அனுப்பினார்கள், அதுவும் யுபிஐயில். இரண்டாம் முறை வாங்கிய வாடகைக்கும் கூடுதல் வரிக்கும் இன்றுவரை பதில் இல்லை.

இனி யாரை அங்கே தங்கவைத்தாலும், விடுதியின் பெயர், அறை எண், தேதி, வாடகை, திருப்பித் தர வேண்டிய டெபாசிட் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதிய ரசீது வராமல் ரொக்கத்தை எடுக்க வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். கார்டும் யுபிஐயும் ஓடவில்லை என்றால், க்யூஆர் அட்டையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, உறவினர் வேறிடத்திலிருந்தே பணம் அனுப்பிப் பார்க்கலாம். அதையும் மறுத்தால் காரணம் பழுதல்ல என்பது புரிந்துவிடும். ரொக்கம்தான் வழி என்றால், கொடுத்த ஒவ்வொரு முறையும் தொகையையும் அறை எண்ணையும் எழுதி விடுதியின் எண்ணுக்கே ஒரு வாட்ஸப் செய்தி அனுப்பிவிடுங்கள். முதல் நாள் இரவே செயலியைத் திறந்து பதிவின் நிலையையும் பாருங்கள்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பில் தராததையே முறையற்ற வணிக நடவடிக்கையாகக் கருதுகிறது. புகார்தாரர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரவும் அது இடமளிக்கிறது. நாம் கொடுத்த தொகை ரூ. 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. எனவே சித்தப்பா மீதித் தொகைக்காக மும்பைக்கு அலையாமல், திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக மனு போட்டிருக்கிறார். இதற்குக் காலவரம்பு இரண்டு ஆண்டுகள் என்பதால், இதேபோன்ற எஸ்டிமேட் தாள் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.