அந்த முற்றுப்புள்ளியை யாராவது எடுத்துவிடுங்கள்

டேட்டிங் செயலிகளில் அரட்டையடிக்கத் தேவையான ஆங்கில வாக்கியங்களைத் தயாராக எடுத்துக் கொடுக்கும் செயலி ஒன்றை நான் நெடுநாளாகக் காசு கட்டிப் பயன்படுத்துகிறேன். இப்போது சந்தா விலை குறைந்திருக்கிறதாம். வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அதன் மேல் எனக்கிருக்கும் எரிச்சல் ஒரு சொல்லில் அடங்காது.

எரிச்சலுக்குக் காரணம் முற்றுப்புள்ளி. எந்த வரியை நகலெடுத்தாலும் கடைசியில் ஒரு புள்ளி ஒட்டிக்கொண்டே வருகிறது. நீளமான வாக்கியம் என்றால் பரவாயில்லை. சனிக்கிழமை சந்திக்கலாமா என்று ஒருவர் ஆசையாகக் கேட்டிருக்கிறார். "ஷ்யூர்" என்ற பதிலுக்குப் பின்னால் ஒரு புள்ளி போய் நின்றால், வேண்டாவெறுப்பாகத் தலையாட்டியது போலாகிவிடுகிறது. நானாகக் கிளப்பிவிடும் புகார் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் செலியா கிளின் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், குறுஞ்செய்தியாக வந்த ஒற்றைச் சொல் பதிலில் முற்றுப்புள்ளி இருந்தால் அதில் மனப்பூர்வம் குறைவு என்றே படித்தவர்கள் மதிப்பிட்டார்கள். அதே பதில் கையால் எழுதிய சீட்டாக இருந்தபோது அந்த வேறுபாடு தெரியவில்லை. அரட்டையில் வரி முடிந்ததை அனுப்பும் பொத்தானே சொல்லிவிடுகிறது. அதற்கு மேலும் வைக்கும் புள்ளிக்கு முறைப்பதைத் தவிர வேறு வேலை ஏது? அரட்டைக்கென்றே செயலி செய்தவர்களுக்கு இதுகூடவா தெரியாது? அமைப்புகள் பக்கத்தைத் துருவித் தேடிவிட்டேன், அதை நிறுத்த வழியில்லை. புகார் எழுதியும் பார்த்தேன். "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது, முற்றுப்புள்ளியோடு.

கோபத்தில் நல்லதை மறைக்கக் கூடாது. தொடக்க வரிகள் நன்றாகவே இருக்கின்றன. "ஹாய், ஹவ் ஆர் யூ" என்பதைத் தாண்டத் தெரியாமல் தவிப்பவர்களுக்கு "வாட்ஸ் தி ஸ்டோரி பிஹைண்ட் தட் போட்டோ?" என்ற ஒரு கேள்வி போதும், எதிராளி பத்தி பத்தியாக எழுதத் தொடங்கிவிடுவார். ஹிஞ்ச் என்ற டேட்டிங் செயலியில் ஒருவருடைய குறிப்பிட்ட படத்தின் மேலேயே விருப்பம் தெரிவித்துக் கருத்து எழுத முடியும் என்பதால் அங்கே இது கச்சிதம். பம்பிள் என்ற இன்னொரு டேட்டிங் செயலியில் இருவரும் ஒருவரையொருவர் விரும்பிப் பொருத்தம் அமைந்து 24 மணி நேரத்துக்குள் பேச்சு தொடங்காவிட்டால் அது காலாவதியாகிவிடும். அந்த அவசரத்தில் கைவசம் ஒரு வரி இருப்பது நிம்மதிதான். ராசி, பயணம், செல்லப்பிராணி என்று வகை பிரித்து வைத்திருப்பதெல்லாம் வெறும் அலங்காரம்.

நான் சற்றும் எதிர்பாராதது மறுப்பு வரிகள் பகுதி. "ஐ என்ஜாய்ட் மீட்டிங் யூ, பட் ஐ டிடின்ட் ஃபீல் எ ஸ்பார்க்" என்று எழுதிவிட்டால், சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோகும் அசிங்கம் தேவையில்லை. அதைவிடப் பயனுள்ளது "ஐ வுட் ராதர் கீப் சாட்டிங் ஹியர் ஃபார் நௌ" என்ற வரி. அறிமுகமான சூட்டோடு வாட்ஸ்அப்புக்கு வாருங்கள் என்று இழுப்பவர்களில் பண மோசடிக்காரர்களும் உண்டு. டேட்டிங் செயலியின் கண்காணிப்பும் புகார்ப் பொத்தானும் எட்டாத இடத்துக்கு நம்மைக் கடத்துவதுதான் அவர்களுடைய முதல் வேலை. நல்ல எண்ணத்தில் கேட்டவர் இந்த வரியைப் படித்துவிட்டு, சரி, இங்கேயே பேசலாம் என்பார். மற்றவர் சீறுவார், அல்லது காணாமல் போவார். இரண்டுமே லாபம். இந்தப் பகுதியில் மட்டும் முற்றுப்புள்ளி இடமறிந்து உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். மறுப்பு வரிகள் இலவசப் பதிப்பிலேயே கிடைக்கின்றன, அவற்றை எழுதி வைத்துக்கொண்டால் போதும். நான் போன வாரம் சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். அது வேறு விஷயம். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். புள்ளியை நீக்கும் வசதி வந்த அன்றே நாலரையாக மாற்றிவிடுகிறேன்.