தக்கலையில் ஒரு கையெழுத்து வகுப்பு: பிள்ளையை அனுப்பலாமா?

ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் தன் வீட்டு மாடியில் நடத்தும் வகுப்பு இது. சனி, ஞாயிறு மட்டும். மாதம் 500 ரூபாய். ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் போகிறாள். டேப்லெட்டில் (டேப்) எழுத்து தட்டத் தெரிந்த பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்கிறார்கள். தாராளமாக அனுப்புங்கள் என்பதுதான் என் பதில்.

டீச்சர் முதலில் நோட்டே தருவதில்லை, சிலேட்டும் குச்சியும்தான். ‘கொ’ எழுத வேண்டுமென்றால், “ஒற்றைக் கொம்பு, க, துணைக்கால்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். டேப்பில் தமிழ்99 விசைப்பலகையில் க, ஒ இரண்டையும் தட்டினால் போதும், கொம்பும் காலும் தானாக வந்து உட்கார்ந்துவிடும். அப்படியே பழகிய என் மகள் ‘கொடி’யைக் ‘கெடி’ என்றுதான் வாசிப்பாள். இப்போது கால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாசிக்கிறாள். ‘ழ’வின் வால் மட்டும் இன்னும் எங்கேயோ ஓடுகிறது. டீச்சர் அதை அழிக்கச் சொல்வதில்லை. பக்கத்திலேயே இன்னொன்று எழுதச் சொல்கிறார். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

பிடிக்காதது, கடைசி அரை மணி நேரம். புள்ளி வைத்த எழுத்தின்மேல் பென்சிலை ஓட்டும் புத்தகம், அதற்குத் தனிக் காசு வேறு. அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரின் ஜேம்ஸ் 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளைச் சில எழுத்துகளைப் பார்த்து எழுதவும், சிலவற்றைப் புள்ளிமேல் வரையவும், சிலவற்றைத் தட்டவும் வைத்தார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். தானாகக் கையால் எழுதிய எழுத்துகளுக்குத்தான் வாசிப்புக்கான பகுதிகள் வேலை செய்தன. புள்ளிமேல் வரைந்ததற்கு அந்தப் பலன் இல்லை. பிள்ளை கோணலாக எழுதும் எழுத்து ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி இருப்பதால்தான், எப்படி எழுதினாலும் அது அதே எழுத்து என்று மூளை பிடித்துக்கொள்கிறது என்கிறார்கள்.

டீச்சரிடம் இதைச் சொன்னேன். “வீட்டுல காட்ட ஒரு புக்கு வேணும்னு கேக்காவ, மக்களே” என்றார். நாம் கேட்காமல் இருந்தால் அந்த அரை மணி நேரமும் சிலேட்டுக்குக் கிடைக்கும்.

டைப்பிங் வேண்டாம் என்றில்லை. நாலாம், ஐந்தாம் வகுப்பில் படிக்கட்டும். பென்சில் பிடிக்கக் கை ஒத்துழைக்காத பிள்ளைகளுக்கு விசைப்பலகை பெரிய உதவி.

சேர்ப்பதென்றால் சனிக்கிழமை காலை வகுப்பைக் கேளுங்கள், கூட்டம் குறைவு. அப்புறம், பெஞ்சு உயரம். சின்னப் பிள்ளைகளுக்குக் கால் தரையில் எட்டாது. கால் வைத்துக்கொள்ள ஒரு குட்டி மணை கொடுத்து அனுப்புங்கள்.